வான்கோழியும் அக்காவின் கண்ணும்

"மாமா, அக்கா கண்ணை லேசர் வெச்சுச் சுடப் போறாங்களாமே?"

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சின்னவன் வாசலுக்கே ஓடி வந்துவிட்டான். ஆறாம் வகுப்பு. மூக்கின் மேல் ஒன்றரை பவர் கண்ணாடி. அவன் அக்காவுக்கு நாலு. அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், வயது 20. ஏழாம் வகுப்பில் ஏறிய கண்ணாடியை இந்த விடுமுறையில் இறக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தாள்.

"சுட மாட்டாங்கடா. செதுக்குவாங்க" என்றேன்.

"அதுக்குச் சுடுறதே தேவலை, அண்ணா" என்றாள் அடுப்படியிலிருந்து என் தங்கை. பிள்ளைகள் இருவரின் அம்மா.

உங்கள் வீட்டிலும் அண்ணனோ சித்தியோ இந்த ஆபரேஷனுக்குக் கிளம்பக்கூடும். அப்போது நீங்களும் சின்னவன் மாதிரிதான் கேட்பீர்கள். அந்த ஒரு வாரம் அவன் என்னைக் குடைந்த குடைச்சலில் பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐந்து தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் போடுகிற சாதாரண ஏ4 தாள் போதும். ஐந்தையும் அடுக்கி ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வரும். உங்கள் கண்ணின் முன்பக்கம், கைக்கடிகாரக் கண்ணாடி போல வளைந்து நிற்கிறதே கார்னியா, நடுவில் அதன் கனம் அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் விழிவெண்படலம் என்று படித்திருப்பீர்கள். அதில் ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தால் நமக்கு உலகமே சிவப்புக் கோடு கோடாகத் தெரிந்திருக்கும். வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது.

கண் என்றதும் உள்ளே இருக்கும் லென்ஸ்தான் எல்லா வேலையும் செய்கிறது என்று நினைப்போம். ஒளியை வளைத்துக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை வாசலில் நிற்கும் கார்னியாவே முடித்துவிடுகிறது. மிச்சத்தைத்தான் லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. கிட்டே இருப்பதற்கும் தூரத்தில் இருப்பதற்கும் ஏற்ப மாறிக்கொள்வது லென்ஸின் திறமை. அதை மறுப்பதற்கில்லை.

பெரியவளுக்கு இருப்பது கிட்டப்பார்வை. அவள் கண்ணுருண்டை முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிட்டது. தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்து, மறுபடி கலைந்துபோய்த் திரையில் விழுகிறது. கரும்பலகை மசமச என்று தெரிவது அதனால்தான். கண்ணாடி அந்த ஒளியை முன்கூட்டியே சற்று விரித்து அனுப்பிக் கணக்கைச் சரிசெய்கிறது. லேசர் செய்வது வேறு வழி. கார்னியாவின் நடுமேட்டை ஆசாரி இழைப்புளி போடுவதுபோல இழைத்துத் தட்டையாக்கிவிடும். மேடு குறைந்தால் ஒளி வளைவதும் குறையும். குவியும் இடம் பின்னால் நகர்ந்து விழித்திரை மேலேயே போய் உட்காரும்.

"எவ்வளவு இழைப்பாங்க?"

நல்ல கேள்வி, கணக்கும் எளிது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஆறு மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு பவரைக் குறைக்க நடுவில் சுமார் 12 மைக்ரான் இழைக்க வேண்டும். நாலு பவருக்கு 48. அரைத் தாள் கனம்! எட்டு வருடமாக மூக்கில் தழும்பு போட்ட கண்ணாடியின் வேலை வெறும் அரைத் தாள் கனத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதைச் சின்னவனால் நம்ப முடியவில்லை. ஒரு தாளை எடுத்து உரித்துப் பாதியாக்க அரை மணி நேரம் முயன்றான்.

ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்கு மட்டும் ஒரு நாள் போனது. அதற்கு இரண்டு வாரம் முன்பே கான்டாக்ட் லென்ஸ் போடுவதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அது கார்னியாவை அழுத்தி வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுமாம். பிறகு கார்னியாவின் மேடு பள்ளங்களைப் படமெடுத்தார்கள். மலைகளுக்கு வரைபடம் இருக்கிற மாதிரியே, சிவப்பும் பச்சையும் நீலமுமாக இதற்கும் ஒரு வரைபடம் வந்தது. கனத்தை அளந்தார்கள். கண்பாப்பா விரிய மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள்.

இந்தப் பரிசோதனையை நான் சாதாரணமாகத்தான் நினைத்திருந்தேன். பெரியவளோடு ஆசையாக வந்த அவள் தோழியைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் கார்னியா மெலிசாக, நடுவில் லேசாகக் கூம்பு போலப் பிதுங்க ஆரம்பித்திருந்தது. "உனக்கு லேசர் வேண்டாம்மா. இழைச்சா இன்னும் பிதுங்கிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணைக் கசக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அழுத்திக் கசக்கும் பழக்கத்துக்கும் இந்தக் கூம்பு நோய்க்கும் தொடர்பு உண்டு. இதைப் படிக்கும்போதே ஒருவர் கை கண்ணுக்குப் போயிருக்கும், எனக்குத் தெரியும். எடுங்கள்.

ஆபரேஷன் அன்று காலை மையும் சென்ட்டும் கூடாது. சென்ட் ஆவி லேசருக்கு இடைஞ்சல். பெரியவளுக்குத் தலையில் தொப்பி மாட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். ஊசி கிடையாது, மயக்கமும் கிடையாது. விழித்திருக்கும்போதே ஆபரேஷன்!

அதெப்படி என்று சின்னவன் கண்ணை அகல விரித்தான். கார்னியாவில் நரம்புகள் அவ்வளவு நெருக்கம். ஒரு தூசி விழுந்தாலே துடித்துப்போகிறோம். அந்த நரம்புகளை மரத்துப்போக வைப்பதுதான் அந்தச் சொட்டு மருந்தின் வேலை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கோகா இலையிலிருந்து எடுத்த மருந்தைக் கரைத்துக் கண்ணில் விட்டு, ஊசிமுனை பட்டாலும் வலி தெரியவில்லை என்று காட்டினார். அதற்கு முன்னால் கண் ஆபரேஷன் எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. இன்று அந்த மருந்துக்குப் பதில் பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்துவிட்டன.

எங்களை வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே நடப்பதைக் காட்ட ஒரு டிவி இருந்தது. தங்கை டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். சின்னவன் டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றான்.

"மாமா, சுடாதுன்னு எப்படிச் சொல்றீங்க? லேசர்தான் இரும்பையே வெட்டுமே?"

இதற்கு ஒரு வான்கோழிக் கதை சொல்ல வேண்டும்.

1929-இல் சென்னையில் பிறந்தவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, பிறகு அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கி, நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற ஊரில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் செய்கிற ஐபிஎம்தான். அங்கே அவர்களிடம் எக்ஸைமர் என்ற புதுவகை லேசர் இருந்தது. ஆர்கான் என்ற வாயுவைப் பற்றிப் படித்திருப்பீர்கள், யாரோடும் சேராத தனிமைவிரும்பி. அதை மின்சாரத்தால் உசுப்பிவிட்டால் ஒரு கணம் மட்டும் ஃப்ளூரினோடு கைகோக்கும். உடனே உதறிவிட்டுப் பிரியும். பிரிகிற நொடியில் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வரும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது பட்ட இடத்தில் பிளாஸ்டிக் கருகாமல், உருகாமல், நறுவிசாகப் பள்ளம் விழுவதை ஸ்ரீனிவாசன் 1980-லேயே கவனித்திருந்தார். உயிருள்ள உடலின் சதையிலும் இப்படி வருமா என்ற சந்தேகம் அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவருக்கும் இருந்தது.

அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் நன்றி நாள் என்று ஒரு பண்டிகை. நமக்குப் பொங்கல் மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வீடு முழு வான்கோழி சமைப்பார்கள். 1981 நவம்பர் 27, பண்டிகைக்கு மறுநாள், ஸ்ரீனிவாசன் வீட்டில் மிச்சமிருந்த வான்கோழியை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். நாமென்றால் மிச்சத்தைச் சூடுபண்ணிச் சாப்பிட்டிருப்போம். அவர் அதன் எலும்பிலும் குருத்தெலும்பிலும் எக்ஸைமர் லேசரை அடித்துப் பார்த்தார். ஓரம் கத்தரித்த மாதிரி பள்ளம். சுற்றிலும் கருகிய அடையாளம் துளிகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை ஒளி வீசும் சாதாரண லேசரையும் அடித்தார்கள். அங்கே கரிந்து, கிழிந்து, அசிங்கமாக ஒரு குழி. பிறகு ஒரு தலைமயிரில் வரிசையாகப் பள்ளம் வெட்டிப் படமெடுத்தார்கள். தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். அதிலேயே படிக்கட்டு!

இரண்டு லேசருக்கும் என்ன வித்தியாசம்? சாதாரண லேசர் சதையைச் சூடாக்கும், சூடு பக்கத்துக்கெல்லாம் பரவும். பூதக்கண்ணாடியால் காய்ந்த இலையைப் பொசுக்கியிருப்பீர்களே, அதே கதை. எக்ஸைமர் ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் அணுக்களைக் கோத்து வைத்திருக்கும் பிணைப்பையே அறுக்கிற அளவு ஆற்றல் உண்டு. ஓலைக்கொட்டகையைத் தீவைத்து அழிப்பதற்கும், முடிச்சு முடிச்சாக அவிழ்த்துப் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம். அவிழ்ந்த துணுக்குகள் ஆவிபோலப் பறந்துவிடும், சூட்டையும் தங்களோடு தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு துடிப்பில் போவது கால் மைக்ரான்தான். நாலு துடிப்புக்கு ஒரு மைக்ரான். இந்த ஒளி கார்னியாவைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. மேல்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதனால் விழித்திரைக்கு ஆபத்தில்லை.

நியூயார்க் கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோக்கல் இதைக் கேள்விப்பட்டு வந்து, ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து கார்னியாவில் சோதித்து 1983-இல் கட்டுரை வெளியிட்டார். 1988-இல் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற அமெரிக்க டாக்டரம்மா, பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலாக இதைச் செய்தார். 2013-இல் ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அதிபர் ஒபாமா தேசியப் பதக்கம் அணிவித்தார். சென்னைக்காரர் ஒருவர் உலகத்தில் எத்தனையோ பேரின் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார், நம்மில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

"அக்கா கண்ணு வந்துருச்சு!" என்று சின்னவன் கத்தினான். டிவி முழுக்க ஒரே கண்.

இமையை விலக்கிப் பிடிக்க மெல்லிய கம்பி ஒன்றை வைத்திருந்தார்கள். இமைக்க நினைத்தாலும் முடியாது. இமைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயமும் அதனால் இல்லை. கண்மேல் ஒரு வளையத்தை வைத்து மெதுவாக உறிஞ்சிப் பிடித்தார்கள். இந்த இடத்தில்தான் தனக்குப் 'பக்'கென்றது என்று பெரியவள் பிறகு சொன்னாள். வலி இல்லை, ஆனால் கட்டைவிரலால் அமுக்குகிற மாதிரி அழுத்தம். பார்வை அப்படியே இருண்டுவிட்டதாம். உறிஞ்சும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதால் சில விநாடிக்கு அப்படித்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் அவள் எழுந்து ஓடியிருப்பாள்.

அந்த விநாடிகளில் வேலை பார்த்தது வேறொரு லேசர். ஒரு விநாடியைக் கோடி கூறாக்கி, அதில் ஒன்றை மறுபடி பத்துக் கோடி கூறாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. அப்படிச் சில நூறு ஃபெம்டோ விநாடியே நீடிக்கும் துடிப்புகள். இந்த ஒளி கார்னியாவின் மேலே எதையும் தொடாமல், உள்ளே 110 மைக்ரான் ஆழத்தில் மட்டும் குட்டிக் குட்டிக் குமிழிகளை எழுப்புகிறது. தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அதுபோலக் குமிழிகள் நெருங்கி நெருங்கி ஒரு படலத்தைப் பிரித்துவிடும். இத்தகைய குறுந்துடிப்புகளைப் பலமாக்கும் வழியைக் கண்டுபிடித்த ஜெரார் மூரு, டோனா ஸ்ட்ரிக்லண்ட் இருவருக்கும் 2018-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மூருவின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் கண்ணில் தவறுதலாக இந்த லேசர் பட்டுவிட்டது. அவரைச் சோதித்த கண் டாக்டர், விழித்திரையில் இருந்த புண் அச்சில் வார்த்தது போல அத்தனை கச்சிதமாக இருப்பதைப் பார்த்து அசந்துபோய், அந்த லேசரைத் தேடிப் போனார். கண்ணை வெட்ட இதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை அங்கே பிறந்தது. திருவிழாக் கடையில் விற்கிற லேசர் விளக்கை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது என்று உங்கள் அம்மா திட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பிறகு டாக்டர் அந்தப் படலத்தை, ஒரு பக்கம் கீல் வைத்த மூடியைத் திறப்பதுபோல மெல்ல மடித்துத் திறந்தார். சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது எக்ஸைமர். "பச்சை வெளிச்சத்தையே பாரும்மா" என்றார்கள். பெரியவள் பார்த்தாள். அந்த விளக்கு பாசிபிடித்த குளத்துக்குள் கிடப்பது மாதிரி கலங்கலாகத் தெரிந்ததாம். டப டப டப என்று சத்தம். கூடவே முடி பொசுங்குகிற நாற்றம். "எரியவே எரியாதுன்னீங்களே!" என்று சின்னவன் பின்னால் என்னை மடக்கியது இதில்தான். எரியவில்லை. முடியிலும் புரதம், கார்னியாவிலும் புரதம். அது உடைந்து பறக்கும் துணுக்குகள் மூக்கை எட்டும்போது அந்த வாசனைதான் வரும். கண் சற்றே ஆடினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு கேமரா கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கண் நகர்ந்தால் லேசரும் கூடவே நகரும். ரொம்ப விலகினால் தானே நின்றுவிடும். ஒரு கண்ணில் இந்த இழைப்பு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடியை மறுபடி மூடி, நீர்விட்டுக் கழுவி, ஓரத்தைத் தடவிச் சரிசெய்தார்கள். தையல் கிடையாது. கார்னியாவின் உள்பக்கச் செல்கள் எந்நேரமும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பிலேயே மூடி ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு கண்ணும் முடிந்து அவள் தானாகவே நடந்து வெளியே வந்தபோது, தங்கை கவசத்தில் பாதிதான் தாண்டியிருந்தாள்.

"தெரியுதாடி?"

"தெரியுதும்மா. ஆனா பாத்ரூம் கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் மரப்பு இறங்கியதும் ஆரம்பித்தது. பத்துக் கிலோ வெங்காயம் நறுக்கியது போல எரிச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் கொட்டுகிறது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ஏதோ தப்பாகிவிட்டது என்று தங்கை பதறினாள். தப்பில்லை, நாலைந்து மணி நேரத்துக்கு இது இருக்கும் என்று காகிதத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். தூங்குவதுதான் மருந்து. அறையை இருட்டாக்கி, தூக்கத்தில் கை பட்டுவிடாமல் கண்மேல் பிளாஸ்டிக் கூடு ஒட்டிப் படுக்கவைத்தோம். மூடியில்லாமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்கிற பழைய முறையும் இன்னும் நடைமுறையில் உண்டு. அதில் எரிச்சல் மூன்று நான்கு நாள் நீடிக்கும்.

மறுநாள் காலை, எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த லுங்கியின் கட்டங்களை எண்ணிக்கொண்டு நின்றாள்.

அத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சொட்டு மருந்துக்கு ஒரு அட்டவணை. கிருமி வராமலிருக்க ஒன்று, வீக்கம் வராமலிருக்க ஒன்று, செயற்கைக் கண்ணீர் ஒன்று. மணி பார்த்து நினைவூட்டும் அதிகாரத்தைச் சின்னவன் எடுத்துக்கொண்டான், ஏட்டையா தோற்றார். தலைக்குக் குளித்துத் தண்ணீர் கண்ணில் விழக் கூடாது, சில வாரம் நீச்சல் கூடாது, கசக்கவே கூடாது. மூடியின் ஓரம் ஒரு நாளில் மூடிக்கொண்டாலும் பழைய பலம் முழுசாகத் திரும்பாது. பந்து வந்து பலமாக அடித்தால் நகரக்கூடும். ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றாள். வெட்டுப்பட்ட நரம்புகள் மறுபடி வளர மாதங்கள் ஆவதால் கண்ணும் அடிக்கடி வறண்டது. கண்ணீர் சுரக்கச் சொல்லித் தகவல் அனுப்புவதே அந்த நரம்புகள்தானே. பெரும்பாலோருக்கு இவை போகப்போகக் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். விளம்பரத்தில் இதைச் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். கண்ணுருண்டையின் நீளமும் அப்படியேதான் இருக்கிறது, லேசர் அதைத் தொடவில்லை. அதனால் பவர் அதிகமாக இருந்தவர்கள் கண்ணாடி போனபிறகும் விழித்திரையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது தாண்டினால் இவளுக்கும் பேப்பர் படிக்கக் கண்ணாடி வரும். அது கார்னியாவின் குற்றம் அல்ல, லென்ஸ் விறைத்துப்போகும் வேலை.

ஒரு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது சின்னவனும் தொற்றிக்கொண்டான். அவன் எதற்காக வந்தான் என்பது உள்ளே போனதும் தெரிந்தது.

"டாக்டர், எனக்கும் பண்ணிடுங்க. ஒன்றரைதான். வெறும் 18 மைக்ரான்!"

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "கணக்கு சரி. ஆனா உன் கண்ணு இன்னும் வளருதே. பிறந்தப்போ 17 மில்லிமீட்டர் நீளம், பெரியவங்களுக்கு 24. இன்னைக்கு நான் இழைச்சா, அடுத்த வருஷம் கண்ணு இன்னும் நீண்டுடும், பவர் திரும்ப வந்துடும். மறுபடி இழைக்க உன்கிட்ட தாள் இருக்கணும்ல? 18 வயசு தாண்டணும், பவர் ஒரு வருஷமாவது மாறாம இருக்கணும். அப்ப வா."

"ஏழு வருஷமா!"

"அதுவரைக்கும் பவரை ஏறவிடாம பாத்துக்கோ. புத்தகத்தை மூக்குல ஒட்டிக்காதே. போனைக் கீழே வை. வெயில் வெளிச்சத்துல விளையாடுற பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வர்றது குறைவுன்னு பல நாட்டுல பார்த்திருக்காங்க. தைவான்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைத் தினம் 120 நிமிஷம் வெளியே அனுப்புறாங்க."

அன்று சாயங்காலம் நாலரைக்குத் தங்கை வீட்டுப்பாட நோட்டோடு அவனைத் தேடினாள். வாசலில் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றான்.

"120 நிமிஷம்மா. டாக்டரே சொல்லியிருக்காங்க. வேணும்னா மாமாவைக் கேளு."